என் இடப்பக்கத்து இடம்

பஞ்ச்போல், சிட்னி
9 ஜூலை

ரோமானோஸ்,

நான் பேசாமல் இருந்தது போதும். அப்பாவை அடக்கம் செய்து ஐந்து வருடமாகிறது. இந்த ஐந்து வருடமும் உன்னிடம் நான் ஒரு சொல் பேசவில்லை. உன்னைப் பற்றி வெளியாரிடம் ஒரு சொல் தவறாகவும் பேசவில்லை. இன்றோடு அந்தப் பிடிவாதத்தை முடித்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். எலியாஸ் கடைக் கண்ணாடிக்கு மேலே உன் படம் இன்னும் இருக்கிறது. பக்கத்தில் மார் ஷர்பெல் படம். உன் படம் புனிதருடையதைவிடக் கொஞ்சம் பெரியது. எலியாஸ் என் கழுத்தில் துணியைக் கட்டிவிட்டு, கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, பத்திரிகையை எடுத்துச் சத்தமாகப் படித்தான். வரும் ரக்பி உலகக் கோப்பைக்கு லெபனான் அணியின் தலைவனாக உன்னைப் போட்டிருக்கிறார்கள் என்று முதலில் வந்தது. பிறகு உன் பேட்டி. அப்பா இறந்த செய்தி கேட்டதும் விமானம் ஏறி வந்தாயாம். மூன்று நாளும் அண்ணன் பக்கத்தில் நின்று வந்தவர்களுக்குக் கை கொடுத்தாயாம். அந்த வரிசையில் நின்றபோதுதான், லெபனான் சட்டையை ஒரு முறையாவது போடாமல் ஆட்டத்தை விடுவதில்லை என்று முடிவு செய்தாயாம்.

கடையில் காத்திருந்தவர்கள் எல்லோரும் அந்த மூன்று நாளும் தேவாலய மண்டபத்துக்கு வந்தவர்கள். என் கையைக் குலுக்கியவர்கள். எல்லோரும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்கள். பிறகு தரையைப் பார்த்தார்கள்.

எலியாஸ் மட்டும் பத்திரிகையை மடித்துக்கொண்டே சொன்னான்: "பேட்டின்னா அப்படி இப்படித்தான் சொல்வாங்க, ஹபீபி. பையன் ஆடுறான்ல, அது போதும். தலையை ஆட்டாதே, காது போயிரும்."

பையன் ஆடுகிறான், அது போதும். இந்தத் தெருவில் உன் விஷயத்தில் எப்போதும் அது போதுமாகத்தான் இருந்தது.

நீ மறந்திருந்தால் நடந்ததை நான் சொல்கிறேன். அப்பா போய்விட்டார் என்று வியாழக்கிழமை உனக்குப் போன் செய்தது நான். நீ "சரி" என்றாய். சனிக்கிழமை அரையிறுதி ஆட்டம், அது முடிந்ததும் இரவே கிளம்புகிறேன் என்றாய். உனக்காக அடக்கத்தைச் செவ்வாய்க்குத் தள்ளிவைத்தேன். மாமன்மார் திட்டினார்கள். சனி இரவு விமானத்தில் உனக்கு இடம் போட்டேன். நீ அன்று இரண்டு முறை கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து இரண்டு ட்ரை போட்டாய். இரண்டாவதைப் போட்டுவிட்டுப் புல்லில் கிடந்தபடி கேமராவைப் பார்த்துச் சிரித்தாய். விமானத்தில் ஏறவில்லை. நான் அடித்தபோதெல்லாம் உன் போன் மணியடித்து ஓய்ந்தது.

மகன்கள் வயது வரிசையில் நிற்க வேண்டும். நான், எனக்கு இடப்பக்கம் நீ, உனக்கு அடுத்து மாமன்மார். பத்வி மாமா நகர்ந்து வந்து நெருங்கினார். அது ரோமியின் இடம் என்று சொல்லித் தடுத்தேன். கடைசி நாள் அவர் என் காதருகே வந்து, "அவன் வரமாட்டான்டா. ஆளில்லாத இடத்துக்கு எதுக்குக் காவல்?" என்றார். நான் நகரவில்லை. வந்தவர்கள் என் கையைக் குலுக்கினார்கள், ஓர் எட்டு தாண்டினார்கள், மாமாவின் கையைக் குலுக்கினார்கள். அந்த ஓர் எட்டை ஊரே தாண்டிப் போனது.

நான் சொத்துப் பத்திரம் பார்க்கும் வழக்கறிஞன். உண்மையில்லாத காகிதத்தில் இதுவரை என் கையெழுத்தைப் போட்டதில்லை. நீ உன் படத்தோடு பேட்டி கொடுத்திருக்கிறாய். பத்திரிகைக்கு எழுதி அதைத் திருத்து. யாராவது அம்மாவுக்குப் படித்துக் காட்டுவதற்குள் செய். வேறொன்றும் கேட்கவில்லை.

சர்கிஸ்


யார்க்ஷயர்
21 ஜூலை

சர்கிஸ்,

உன் எழுத்தை உறைமேல் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். பிரிக்கக் கை வரவில்லை. பக்கத்து வீட்டு டெரிக்கைக் கூப்பிட்டுப் பிரிக்கச் சொன்னேன். டெரிக்தான் இங்கே அணியில் எனக்குப் பக்கத்தில் ஆடும் சென்டர். ஆள் அலமாரி மாதிரி இருப்பான். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க அண்ணன் எழுத்தாடா இது? கோர்ட்டு சம்மன் மாதிரி இருக்கு" என்றான். சிரித்தேன். பிறகு படித்தேன்.

கையால் எழுதுவதைப் பார்த்து ஆச்சரியப்படாதே. திரையைப் பார்த்தால் இப்போதெல்லாம் கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது. போனைக்கூட அணைத்துத்தான் வைத்திருக்கிறேன். காகிதம் வலிப்பதில்லை.

நீ எழுதியது எனக்குப் புரியவில்லை. நான் வந்தேனே. உன் பக்கத்தில்தான் நின்றேன். நீ ஏன் பேசாமல் போனாய் என்றுதான் ஐந்து வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் வேறு ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். கேட்கப் பயம். நீ பிறந்தநாள் வாழ்த்து அட்டையைக்கூட முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறவன். உன்னிடம் எதைக் கேட்டாலும் ஆதாரத்தோடு பதில் வரும்.

ஒருவேளை துக்கத்தில் உனக்குத்தான் ஞாபகம் குழம்பிவிட்டதோ? கோபித்துக்கொள்ளாதே. எல்லாப் பொறுப்பும் உன் தலையில். தூக்கமும் இல்லை.

முதல் ஆட்டம் சிட்னியில், அந்தப் பழைய மைதானத்தில். அப்பா நின்ற மூலை இன்னும் அப்படியே இருக்கிறதாம். ஒருநாள் அவருக்குப் பின்னால் இருந்த ஒருத்தன் என்னைப் பார்த்து, பஸ் ஏறி உன் ஊருக்குப் போ என்று கத்தினான், ஞாபகம் இருக்கிறதா? வெள்ளைக்காரர்கள் கடற்கரையில் நம் பையன்களைத் துரத்தித் துரத்தி அடித்த கோடைக்குப் பிறகு. அப்பா திரும்பி, "அவன் ஊர் பஞ்ச்போல். அங்கே ரயில்ல போறதுதான் சுலபம்" என்றார். அவனுக்குக் கொஞ்சம் பூசணி விதையும் கொடுத்தார். அந்த மூலையில் அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டுத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு ட்ரை, அந்த மூலைக் கொடிப் பக்கம், அம்மா பார்க்க. அதோடு விட்டுவிடுவேன். முப்பத்தைந்து வயதில் மைதான ஓரத்தில், விங்கில் ஓடுகிறவன் நான் ஒருவன்தான் இருப்பேன்.

நீயும் வந்து உட்கார். பேச வேண்டாம்.

ரோமி


பஞ்ச்போல்
30 ஜூலை

ரோமானோஸ்,

எனக்குத்தான் ஞாபகம் குழம்பியிருக்கும் என்கிறாய். வேறு யாராவது வேறு யாருக்காவது எழுதியிருந்தால் இந்த வாதத்தை நான் ரசித்திருப்பேன்.

சரி, ஞாபகத்தைப் பற்றியே பேசுவோம். ஞாயிற்றுக்கிழமைப் பூங்கா அணியில் நாம் ஒரு பருவம் சேர்ந்து ஆடினோம். எனக்கு இருபத்தாறு, உனக்குப் பதினெட்டு. நான் சென்டர், எனக்கு இடப்பக்கம் விங்கில் நீ. உனக்கு எதிரே நிற்கிறவனையும் என்மேல் இழுத்துக்கொண்டு, அவன் வந்து மோதும் நேரத்தில் பந்தை உன் பக்கம் விட வேண்டும். அதுதான் சென்டரின் வேலை. இடி எனக்கு, வெறும் புல் உனக்கு. அந்த வருடம் நீ கோட்டைத் தாண்டிய ஒரு முறையைக்கூட நான் பார்த்ததில்லை. மல்லாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். கைதட்டல் கேட்டால் நீ போட்டுவிட்டாய் என்று தெரிந்துகொள்வேன். கடைசி ஆட்டத்தில் அப்படி ஓர் இடியில்தான் என் முழங்கால் போயிற்று. அந்த ஆட்டத்தைப் பார்க்கத்தான் பெரிய கிளப்பின் ஆள் வந்திருந்தார். அவர் உன் பெயரை எழுதிக்கொண்டு போனார். என்னைத் தூக்கிக்கொண்டு போனபோது அப்பா மூலைக் கொடிக்குப் பின்னால் உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். சரிதான், நீ ட்ரை போட்டிருந்தாய்.

என் கல்யாணத்தில் உன்னோடு படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. என் மனைவி கேக் வெட்டக் காத்திருந்தாள். உயரமாக உதைத்து விட்ட பந்துகளை நீ ஒரு பருவம் முழுக்கத் தவறவிட்டாய். இங்கே எந்த கிளப்பும் உன்னை எடுக்கவில்லை. நீ இங்கிலாந்துக்குப் போனாய். அதையும் "ரோமி வெளிநாடு போயிட்டான்" என்று ஊரில் பெருமையாகத்தான் சொன்னார்கள். அப்பாவின் சிறுநீரகம் கெட்ட பிறகு வாரத்துக்கு மூன்று முறை அவரை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தது நான். காரில் அவர் பேசியதெல்லாம் உன் ஆட்டம். அங்கே குளிருமே, பந்து கையில் நிற்குமா என்பார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று சொல்கிறேன்.

நீ வந்தாய் என்கிறாய். நல்லது. அந்த மூன்று நாளில் நடந்த ஒன்றைச் சொல். அங்கே நின்றவனுக்கு மட்டும் தெரிந்த ஒன்று. சொல்லிவிட்டால் நான் தேவாலயத்தில் எழுந்து நின்று ஊர் முன்னால் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

சர்கிஸ்


யார்க்ஷயர்
11 ஆகஸ்ட்

சர்கிஸ்,

ஒன்றென்ன, எல்லாவற்றையும் சொல்கிறேன்.

மண்டபத்தில் மின்விசிறி ஒன்று டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். என் காலணி புதிது, குதிகாலைக் கடித்தது. நீ வாயைத் திறக்காமல், "நொண்டாதே, பார்க்கிறாங்க" என்றாய். கறுப்பு உடுத்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எல்லோருடைய கையும் பெரிய கை. உன் முழங்கை என் தோளில் இடித்துக்கொண்டே இருந்தது.

காப்பி வந்தது. சர்க்கரை போடாத கசப்புக் காப்பி. குடித்து முடித்துக் கிண்ணத்தை நீட்டும்போது, வீட்டுக்கு விருந்துக்குப் போனால் சொல்கிற மாதிரி, பழக்கத்தில், "எப்போதும் இப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். சாவு வீட்டில். கிண்ணத்தை வாங்கிய அத்தையின் முகம் எப்படிப் போயிற்று என்று இன்னும் தெரிகிறது. நீ என் கையைக் கிள்ளினாய். சிவந்தே போயிற்று. இதை நான் கற்பனை செய்ய முடியுமா? இந்த அசட்டுத்தனத்தை வேறு யாரும் செய்யமாட்டார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது அப்பா என் பக்கம் திரும்பாமல், முன்னால் பார்த்துக்கொண்டே, கோட்டுப் பைக்குள் கையை விட்டுக் கொஞ்சம் பூசணி விதையை எடுத்து என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். நான் ஒவ்வொன்றாகத் தின்றேன். உப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

போதுமா, வக்கீல் ஐயா? தேவாலயத்தில் எல்லாம் எழுந்து நிற்க வேண்டாம். அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார், அது போதும்.

ரோமி


பஞ்ச்போல்
20 ஆகஸ்ட்

ரோமானோஸ்,

உன் கடிதத்தில் அப்பா எங்கே நிற்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தை மறுபடி படி.

அது அப்பாவின் சாவு இல்லை. பெரியப்பா தன்னூஸின் சாவு. உனக்கு ஒன்பது வயது. எனக்குப் பதினேழு. விசிறி, காலணி, கிள்ளியது எல்லாம் உண்மை. வருடம்தான் வேறு.

முதலில் நீ என்னைக் கேலி செய்கிறாய் என்று நினைத்தேன். கடிதத்தை அலுவலகத்துக்கு எடுத்துப்போய் அங்கே மறுபடி படித்தேன். கேலி செய்கிறவன் பூசணி விதையை எழுதமாட்டான்.

எத்தனை நாளாக இப்படி இருக்கிறது? பத்திரிகைக்கு எழுத வேண்டாம். எனக்கு எழுது.

சர்கிஸ்


யார்க்ஷயர்
31 ஆகஸ்ட்

சர்கிஸ்,

உன் எழுத்தை உறைமேல் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். பிரிக்கக் கை வரவில்லை. டெரிக் என்று பக்கத்து வீட்டில் ஒருவன் இருக்கிறான், எனக்கு சென்டர். அவனைக் கூப்பிட்டுப் பிரிக்கச் சொன்னேன். கோர்ட்டு சம்மன் மாதிரி இருக்கிறது என்றான்.

நீ சொன்ன இடத்தைப் படித்தேன். மூன்று நாள் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். நீ சொல்வதுதான் சரி. அப்பா எப்படி அந்த வரிசையில் நிற்க முடியும்?

எனக்கு வேறு ஒன்று ஞாபகம் இருக்கிறது. எந்த வாரம் என்று தெரியாது. நான் தூங்கி எழுந்தபோது வாசல் பக்கம் ஒரு பை தயாராக இருந்தது. எங்கே போகக் கட்டினேன் என்று தெரியவில்லை. திறந்தேன். மேலே கறுப்பு டை. யாருக்காவது கல்யாணமா என்று நினைத்தேன். கேட்கக் கூச்சமாக இருந்தது. எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் திரும்ப மாட்டிவைத்தேன். இங்கே யாருக்கும் அப்பா விஷயம் தெரியாது, சர்கிஸ். சொன்னால் அரையிறுதியில் ஆட வேண்டாம், கிளம்பு என்பார்கள் என்று நான் சொல்லியிருக்கமாட்டேன். பிறகு ஒருநாள் அம்மா போனில் நாற்பதாம் நாள் பூசையைப் பற்றிப் பேசினாள். அப்பா இறந்துபோனது எனக்கு முன்பே தெரிந்த மாதிரிதான் கேட்டுக்கொண்டிருந்தேன். தெரியாது என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? நான் எங்கே இருந்தேன் என்று யோசித்தேன். நான் கட்டாயம் அங்கே இருந்திருப்பேன். வேறு எங்கே இருந்திருப்பேன்?

தலையில் அடி படும்போது மருத்துவர் ஓடிவருவார். எந்த மைதானம், எந்தப் பாதி, கடைசியாக ட்ரை போட்டது யார் என்று கேட்பார். அவர் வருவதற்குள் டெரிக் வந்து காதில் சொல்லிவிடுவான். இது புதிது இல்லை. பூங்காவில் அந்தப் பெரிய ஆள் என்மேல் விழுந்தபோது நீதானே குனிந்து சொன்னாய்: "ரெண்டாம் பாதி. நாம நாலு பாயிண்ட் பின்னால. கடைசியா போட்டது நீ, கழுதை." சென்டர் செய்கிற வேலைதானே அது. பந்தும் தருவான், பதிலும் தருவான்.

பருவத் தொடக்கத்தில் திரையில் ஒரு சோதனை வைப்பார்கள். சொற்களைக் காட்டிவிட்டுப் பிறகு கேட்பார்கள். அப்போது வேண்டுமென்றே மெதுவாகச் செய்து மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்வோம். பின்னால் அடிபட்டாலும் அதே மதிப்பெண்தான் வரும், யாரும் வெளியே உட்காரவைக்க முடியாது. ஆட்டத்தில் பழையவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. இந்த வருடம் நான் மெதுவாகச் செய்யவில்லை. ஒழுங்காகத்தான் செய்தேன். அதே மதிப்பெண் வந்தது.

இதை உனக்கு மட்டும் சொல்கிறேன். லெபனான் அணி மருத்துவருக்குத் தெரிந்தால் என்னைச் சிட்னியில் ஆடவிடமாட்டார்கள். ஒரே ஓர் ஆட்டம். அம்மாவுக்கு நாற்காலி சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு நான் வரவில்லை என்றால், எனக்கு மிச்சம் இருப்பது இதுதான். நீ யாரிடமும் சொல்லாதே. நீ பேசாமல் இருப்பதில் கெட்டிக்காரன்.

ரோமி


பஞ்ச்போல்
14 செப்டம்பர்

ரோமி,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலுவலகம் போய் வந்துகொண்டிருந்தேன். பத்திரம் பார்த்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். எலியாஸ் தாடியை ஒதுக்கிவிட்டு, உங்க அண்ணன் தம்பிக்குள்ள பேச்சு வந்துருச்சாமே என்று கேட்டான். ஆமாம் என்றேன். பல் மருத்துவர் ஊசி போட்ட பிறகு நம் கன்னத்தை நாமே தொட்டால் வேறு யாருடைய கன்னம்போலவோ இருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருக்கிறது. உன்மேல் இருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன். இல்லை. அது இல்லாமல் எப்படி நடமாடுவது என்று பழகவில்லை.

அந்த அரையிறுதியின் வீடியோவைப் பார்த்தேன். இந்த ஐந்து வருடத்தில் பலமுறை பார்த்ததுதான். ஒவ்வொரு முறையும் உன் சிரிப்பு வந்ததும் நிறுத்திவிடுவேன். இந்த முறை நிறுத்தவில்லை. நீ மூலையில் பாய்கிறாய். உடம்பு கோட்டுக்கு வெளியே பறக்கிறது, கை மட்டும் உள்ளே வந்து பந்தை வைக்கிறது. நல்ல ட்ரை. அப்பா பார்த்திருக்க வேண்டும். ஒருவனுடைய முழங்கால் உன் காதுக்கு மேலே படுகிறது. நீ சிரிக்கிறாய். அது யாரைப் பார்த்தும் இல்லை என்று இப்போது தெரிகிறது. பிறகு எழுந்திருக்கிறாய். எல்லோரும் நடு மைதானத்துக்குத் திரும்புகிறார்கள். நீ போய் வலப்பக்க விங்கில் நிற்கிறாய். அங்கே வேறு ஒருவன் நிற்கிறான். அவன் உன்னைப் பார்க்கிறான். அலமாரி மாதிரி ஓர் ஆள் வந்து உன் கையைப் பிடித்து இடப்பக்கம் கூட்டிக்கொண்டு போய் விடுகிறான். பிறகு உன் காதருகே குனிகிறான். மருத்துவர் ஓடிவருகிறார். நீ பதில் சொல்கிறாய். சொல்லிவிட்டு இறுதிவரை ஆடுகிறாய்.

பிறகு வீட்டுக்குப் போய்ப் பையைப் பிரித்திருக்கிறாய்.

அணி மருத்துவருக்கு நான் எழுதிவிட்டேன். நேற்றுப் போட்டேன். நீ எனக்கு எழுதியதில் தேவையானதை அப்படியே எடுத்து எழுதினேன். கறுப்பு டை, டெரிக்கின் காதுப்பேச்சு, அந்தச் சோதனை, இந்த வருட மதிப்பெண், ஒரே விஷயத்தை இரண்டு கடிதத்தில் எழுதியது. முழுப் பெயர், முகவரி, தொழில் போட்டு, கீழே கையெழுத்துப் போட்டேன். பெயரில்லாமல் வந்த கடிதம் என்று யாரும் ஓரமாக வைத்துவிடக் கூடாது. நீ சிட்னியில் ஆடமாட்டாய். வேறு எங்கும் ஆடமாட்டாய். கெஞ்சிக் கேட்டிருந்தாய், நான் செய்துவிட்டேன். நீ என்னை மன்னிக்க வேண்டாம். மன்னிக்காமல் வருடக்கணக்கில் இருப்பது எப்படி என்று தெரியாவிட்டால் என்னைக் கேள். எனக்கு அனுபவம் உண்டு.

பேட்டியை அம்மாவுக்கு நானே படித்துக் காட்டினேன். வேறு யாராவது படிப்பதற்குள் என்று நினைத்துப் போனேன். நீ விமானம் ஏறி வந்ததை, மூன்று நாள் நின்றதை, எல்லாவற்றையும் அரபியில் சொன்னேன். அம்மா அந்த மூன்று நாளும் எதிர்ப்பக்கம் பெண்கள் வரிசையில் உட்கார்ந்து நேராக என் இடப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடித்ததும், "நல்லா சொல்லியிருக்கான். இன்னொரு தடவை படி" என்றாள். இன்னொரு தடவை படித்தேன்.

நீ வா. ஆடுகிறவனாக வர வேண்டாம், சும்மா வா. பழைய அறையில் கனத்த திரைச்சீலை மாட்டச் சொல்லியிருக்கிறேன், வெளிச்சம் வராது. மூலையில் ஒரு நாற்காலி போதாது, மூன்று வேண்டும் என்று மைதானத்துக்காரர்களிடம் சொல்லிவிட்டேன். பூசணி விதை நான் வாங்கிவருகிறேன்.

அங்கே மருத்துவர்கள் உன்னிடம் நிறையக் கேள்வி கேட்பார்கள். அவர்களுக்கு நீயே பதில் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல். டெரிக் சொல்வதைக் கேட்காதே.

ஆனால் அப்பாவின் அடக்கத்தைப் பற்றி யார் கேட்டாலும், இங்கே வந்த பிறகு எலியாஸ் கேட்டாலும், பத்வி மாமா கேட்டாலும், நீயே உன்னைக் கேட்டுக்கொண்டாலும், பதில் இதுதான். நன்றாகக் கேட்டுக்கொள். செவ்வாய்க்கிழமை. நம் தேவாலய மண்டபம். காப்பியில் சர்க்கரை இல்லை. நீ விமானத்திலிருந்து இறங்கி நேராக வந்தாய். கறுப்பு டை கட்டியிருந்தாய், முடிச்சு கோணலாக இருந்தது, நான் சரிசெய்துவிட்டேன். மூன்று நாளும் என் இடப்பக்கம் நின்றாய். உனக்கு அடுத்து பத்வி மாமா. வந்தவர்கள் என் கையைக் குலுக்கினார்கள், உன் கையைக் குலுக்கினார்கள், மாமாவின் கையைக் குலுக்கினார்கள். யாரும் எதையும் தாண்டிப் போகவில்லை.

மருத்துவருக்கு எழுதியதில் கையெழுத்துப் போட்டேன். இதில் போடவில்லை. இப்படியே தபாலில் சேர்க்கப் போகிறேன்.